கண்மூடாப்பா தூங்கின வருஷம்

முத்தளந்தான்துறையில அடங்கியிருக்கிற கண்மூடாப்பா அவுலியா நானூறு வருஷம் கழிச்சு முதல் தடவையா அசந்து தூங்கினது, நான் கிணத்தடியில வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைச்சுக்கிட்ட வருஷம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத சேதின்னு நினைச்சுறாதீங்க. நான் விழாம இருந்திருந்தா அவுக தூங்கியிருக்க மாட்டாக, அவுக தூங்காம இருந்திருந்தா எனக்கு இந்த வயித்தெரிச்சல் வந்திருக்காது. பொறாமையான்னு கேப்பீங்க. ஆமா, பொறாமைதான். இல்லைன்னு சொல்ல நான் என்ன வானத்து மலக்கா? மனுஷிதானே.

அவுகளுக்கு அந்தப் பேர் வந்தது எப்படின்னு எங்க ஊர்ல பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், நீங்க வெளியூர்ங்கிறதால சொல்றேன். கடல்ல நம்ம ஊர்த் தோணி ஒண்ணு மிதக்கிற வரைக்கும் நான் கண்ணை மூட மாட்டேன்னு நேர்ந்துக்கிட்டவுக அவுக. இந்த ஊர்ல கடல்ல தோணி இல்லாத நாள் ஏது? ஹயாத்தா உசுரோட இருந்தப்பவும் மூடல, மவுத்தான பிறகும் மூடல, கபுறுக்குள்ள முழிச்சுக்கிட்டே கிடந்தாக. அதனால மகனையோ மாப்பிள்ளையையோ கடலுக்கு அனுப்பின எந்தப் பொம்பளையும் தர்கா நடையில வந்து நின்னு, தோணி பேரையும் ஆள் பேரையும் ஒரு தரம் சொல்லி, கொஞ்சம் சீனி வச்சு பாத்திஹா ஓதிட்டு, வீட்டுக்குப் போய்த் தலையணையில தலை வச்சதும் தூங்கிருவா. அவுக முழிச்சிருக்காக, நமக்கென்ன கவலைன்னு.

அவுக மேல போர்த்துற போர்வைக்கு எங்க வீடுதான் உரிமை. வருஷா வருஷம் கந்தூரி அன்னிக்குப் பழசை எடுத்துட்டுப் புதுசு விரிக்கணும், அந்தப் புதுசை எங்க உம்மா வழியில மூத்த பொண்ணு தைக்கணும், கைகால் முகம் கழுவி ஒளு செஞ்சுட்டுத்தான் ஊசியைத் தொடணும், தைக்கும்போது ஊர் வம்பு பேசக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் நான் தைச்சேன். வம்பு பேசாம இருந்ததுதான் கஷ்டமா இருந்துச்சு, அல்லா மன்னிக்கட்டும். கட்டில் அகலத்துக்குச் சட்டம் போட்டு, பச்சைப் பட்டை இழுத்துக் கட்டி, நடுவுல கலிமாவை முழம் உயரத்துக்குச் சரிகைக் கம்பியால எழுப்பி, சுத்திவர மாதுளங்கொடி ஓடவிட்டு, இலைக்கு இலை ஜம்கி வச்சு, மூணு மாசம் குனிஞ்ச முதுகு நிமிராம தைப்பேன். கந்தூரி அன்னிக்குத் தாம்பாளத்துல வச்சு அஞ்சு தெரு சுத்திக் கொண்டு வந்து, தர்காவில ஓதுற மூசா லெப்பை அதை ஒரு உதறு உதறி விரிப்பாக பாருங்க, அந்த நேரம் நடையில நிக்கிற அத்தனை பெண்டுகளும் ஒரே வாயா 'சுப்ஹானல்லா'ன்னு சொல்லுவாக. அந்த ஒரு சத்தத்தைக் கேக்கத்தான் நான் வருஷம் பூரா சோறு தின்னேன்னு வச்சுக்குங்களேன்.

கை உடைஞ்சதும் தர்கா நிர்வாகம் பார்க்கிற காசிம் மரைக்காயர் வீட்டு வாசல்ல வந்து நின்னாக. "செய்னம்பு, கந்தூரிக்கு மூணு மாசம்தான் கிடக்கு. மேலத்தெரு நூருல் அய்னியைத் தைக்கச் சொல்லட்டுமா?" அப்படின்னாக. நூருல் அய்னி கை சுத்தமான கை. அவ தைச்சா ஊர் என்னை அந்த வருஷமே மறந்துரும். "வேண்டாம் மாமா, உரிமை வீட்டைத் தாண்டக் கூடாது. எந் தங்கச்சி ருக்கையா தைக்கட்டும்"னேன். மரைக்காயர் என்னைப் பெருந்தன்மைக்காரின்னு நினைச்சுக்கிட்டுப் போனாக.

பெருந்தன்மையாவது ஒண்ணாவது. ருக்கையாவுக்குச் சரிகை வேலை சுத்தமா வராது, அதனாலதான் அவ பேரைச் சொன்னேன். அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் பழைய சேலையை நாலா மடிச்சு, ஓட்டுத் தையல் போட்டு, பிள்ளைக்குப் போர்வை தைக்கிறதுதான். அவ தைச்சதை விரிச்சதும் ஊர் மூக்கைச் சுளிக்கணும், 'செய்னம்பு கைன்னா செய்னம்பு கைதான்'னு சொல்லணும், அடுத்த வருஷம் என்னைத் தேடி ஓடி வரணும். இதுதான் என் கணக்கு. சின்னதுலேருந்தே அவளுக்கு எல்லாம் தானா வரும். வாப்பா மடி அவளுக்கு, இடுப்புக்குக் கீழே தொங்குற முடி அவளுக்கு, சிரிச்ச முகமா ஒரு மாப்பிள்ளை அவளுக்கு, வீட்டைப் பாகம் பிரிச்சப்போ கடல் பார்த்த ஜன்னல் கூட அவளுக்கு. நான் ஒவ்வொண்ணையும் இழுத்துப் பிடிச்சுத்தான் வாங்கணும். ஊசி ஒண்ணுதான் எனக்குத் தானா வந்தது.

"எனக்கு என்ன லாத்தா தெரியும், நான் எப்படித் தைப்பேன்?"னு அவ என் கட்டுப்போட்ட கையைப் பிடிச்சு அழுதா. "நான் சொல்லித் தர்றேன்டி"ன்னேன். மூணு மாசத்துல ஒரு நாள் கூட நான் அவ வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கல.

கந்தூரி அன்னிக்குத் தாம்பாளத்து மேல கிடந்த துணியை விலக்கினாக பாருங்க, ஒரு பொட்டுச் சரிகை இல்ல. கட்டிக் கட்டி நைஞ்சுபோன வாயில் சேலைகளைப் பச்சைச் சாயத்துல முக்கி, அஞ்சு மடிப்பா அடுக்கி, வெள்ளை நூலால ஓட்டுத் தையல் போட்டிருந்தா. நடுவுல கலிமா, அதுவும் வெள்ளை நூல், எழுத்தெல்லாம் பால்பல்லு மாதிரி சின்னச் சின்னதா இருந்துச்சு. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்துச்சு. நான் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டேன். துக்கம்னு எல்லாரும் நினைச்சிருப்பாக, சிரிப்புதான்.

"என்னடி இது? சரிகை எங்க?"

"சரிகை உறுத்தும்ல லாத்தா."

"யாருக்குடி உறுத்தும்?"

"படுத்திருக்கிறவுகளுக்கு."

நடையில நின்ன பெண்டுகள் கொல்லுனு சிரிச்சாக. "கபுறுல உள்ளவுகளுக்கு உறுத்துமாம், கேட்டீங்களா கதையை!"ன்னா ஒருத்தி. மரைக்காயர் முகம் கறுத்துப் போச்சு. வேற போர்வைக்கு எங்க போக? மூசா லெப்பை பிஸ்மி சொல்லி அதைத்தான் விரிச்சாக. எங்க தர்காவில பெண்டுகள் நடையைத் தாண்டி உள்ள போற வழக்கமில்ல, அதனால ருக்கையா நடையில நின்னுக்கிட்டே, "லெப்பைச்சாச்சா, ஓரத்தைக் கொஞ்சம் உள்ள சொருகி விடுங்க, இல்லாட்டி காத்து புகும்"னா. மறுபடியும் சிரிப்பு. ஆனா மூசா லெப்பை ஏழு பிள்ளை வளர்த்த மனுஷன், கை பழக்கத்துல தலைமாட்டுல, கால்மாட்டுல, ரெண்டு பக்கமும்னு சொருகி விட்டுட்டாக. பாத்திஹா ஓதி முடியல. போர்வை மெதுவா மேல எழும்பிச்சு, மெதுவா கீழ தணிஞ்சுச்சு. மறுபடியும் எழும்பிச்சு, மறுபடியும் தணிஞ்சுச்சு. லெப்பை மின்விசிறியை நிறுத்திப் பார்த்தாக. அப்பவும் எழும்பித் தணிஞ்சுச்சு. உள்ளங்கையை மேல வச்சுப் பார்த்தாக. பிறகு புறம் காட்டாம பின்னாடியே நடந்து வெளிய வந்து, உதட்டுல விரலை வச்சு, "சத்தம் போடாதீங்க, தூங்கிட்டாக"ன்னாக.

அன்னிக்கு நகரா முரசு அடிக்கல. ஊர் அதுக்கு மேல ஆராய்ச்சி ஒண்ணும் பண்ணல. நானூறு வருஷம் முழிச்சவுக தூங்குறாக, இதுல ஆராய என்ன இருக்கு? தூங்கட்டும், பாவம்னுதான் எல்லாரும் சொன்னாக. மறுநாள்லேருந்து நகராத் தோல் மேல தலையணையைக் கட்டிட்டாக. மீன் ஏலம் கூவுற செல்லையா விரலை மடக்கி விரிச்சே ஏலம் விட்டாரு, ஏமாத்த முடியாததால வியாபாரிகளுக்குக் கொஞ்சம் வருத்தம், மத்தவுகளுக்குச் சந்தோஷம். பஸ் டிரைவர்கள் உப்பளத்து வளைவுலயே ஹாரனை விட்டுட்டு, தர்காத் தெருவுல வண்டியை நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வந்தாங்க. தர்காவைச் சுத்தி இருந்த வீடுகள்ல குக்கர் விசில் நிறுத்தியாச்சு, பருப்பைப் பானையில வேக வச்சோம். புருஷன் பொஞ்சாதி சண்டை எல்லாம் குசுகுசுன்னு நடந்துச்சு, குசுகுசுன்னு எவ்வளவு நேரம் சண்டை போட முடியும் சொல்லுங்க, பாதியில சிரிப்பு வந்துரும். பக்கத்து மீனவர் தெரு அம்மன் கோயில் கொடைக்குக் கொட்டு மேளக்காரங்க வந்தப்போ, ஊர்ப் பெரியவரு அவுகளை எல்லையிலயே நிறுத்தி, "நம்ம அப்பா உறங்குறாரு, வடக்கால சுத்திப் போங்கய்யா"ன்னு அனுப்பிவச்சாரு. பள்ளிவாசல் பாங்கை மட்டும் யாரும் குறைக்கச் சொல்லல. அந்த நேரத்துக்கு மட்டும் போர்வை எழும்பினது எழும்பினபடி நிக்கும், பாங்கு முடிஞ்சதும் தணியும்.

பிறகு தூக்கம் வராத ஆளுங்க வர ஆரம்பிச்சாக. வயித்து வலியில வீரிடுற பிள்ளைகளைக் கொண்டாந்து தர்கா வராந்தாவுல கிடத்துவாக, போர்வை மூச்சுக்கு ஏத்தபடி பிள்ளை மூச்சும் இறங்கி, கால் மணி நேரத்துல உறங்கிப் போகும். இன்ஸ்பெக்டர் ஒருத்தரு தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டுத் தூணுல சாஞ்சு குறட்டை விட்டாரு. தர்கா போறதே கூடாதுன்னு பேசுற ரெண்டு பசங்க, இதெல்லாம் காத்து பண்ற வேலைன்னு நிரூபிக்க ஜன்னலை எல்லாம் அடைச்சுட்டு உள்ள உக்காந்தானுங்க, மறுநாள் அவனுங்க உம்மாமார் வந்து தூக்கிட்டுப் போக வேண்டியதாப் போச்சு. யாரும் எதையும் வேண்டிக் கேக்கல. தூங்குறவுகளை எழுப்பி என்னத்தைக் கேக்கிறது? எல்லாரும் பார்த்துட்டு, வாயைப் பொத்திக்கிட்டு, கால் விரலால நடந்து திரும்பிப் போனாக.

போறப்போ எங்க போனாக? எந் தங்கச்சி வீட்டுக்கு. தூங்க வச்ச கையாம். கைக்குழந்தைக்காரிக புதுத் துணியோட அவ வாசல்ல நின்னாக, இதுல ஒரு தையல் போட்டுக் குடு லாத்தான்னு. பொண்ணு பார்க்க வந்த சம்பந்தக்காரங்க அவ கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நூருல் அய்னி கூட அவகிட்ட ஓட்டுத் தையல் கத்துக்க உக்காந்தா, கேட்டீங்களா? ருக்கையாவுக்கும் பெருமை இல்லாம இல்ல. "எல்லாம் அல்லா நாட்டம்"னு குனிஞ்சுக்கிட்டே சொல்லுவா, குனிஞ்ச முகத்துல சிரிப்பு ஓடும். கூடப் பிறந்தவ நான், எனக்குத் தெரியாதா?

அது கூடப் பொறுத்துக்கிட்டேன். ஒரு நாள் மீன்காரி பாக்கியம் கூடையை இறக்கி வச்சுட்டு, மனசுல ஒண்ணும் வச்சுக்காம, "அப்போ இத்தனை வருசமும் அப்பாவுக்கு உறுத்திக்கிட்டே கிடந்துச்சாக்கும். பாவம், மனுசன் முள்ளுலதான் படுத்திருக்காரு போல"ன்னா. அன்னிக்கு நான் மீன் வாங்கல. என் இருபத்திரண்டு வருஷத்தை ஒரே வார்த்தையில முள்ளுன்னுட்டாளே! அன்னிக்குப் போச்சு என் தூக்கம். ஊரே அவுகளைப் பார்த்துப் பார்த்துத் தூங்குது, நான் ஒருத்தி முழிச்சுக் கிடக்கேன். தர்காவுலேருந்து திரும்பி வந்த என் பழைய போர்வைகள் பெட்டியில கிடந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் தகதகன்னு ராஜ தர்பாரு, அடிப்பக்கம் முழுக்க முடிச்சு, கம்பி முனை, நூல் வாலு. கன்னத்துல வச்சுப் பார்த்தேன். சொரசொரன்னு குத்திச்சு. குத்தினதுல எனக்கு அவ மேலதான் கோவம் வந்துச்சு.

கட்டு பிரிச்ச பிறகு விரல் ஊசி பிடிக்க வந்த மறுநாளே சட்டம் போட்டேன். இதுக்கு முன்னால இப்படி ஒரு போர்வை கிடையாதுங்கிற மாதிரி தைக்கணும்னு வெறி. கலிமாவை ஒண்ணரை முழமா எழுப்பினேன். கொடிக்குள்ள கொடி விட்டேன். பட்டுத் தெரியாத அளவுக்குச் சரிகை. மடிச்சா மடியாது, ரெண்டு ஆள் தூக்கணும். ஒவ்வொரு குத்துக்கும் நபி மேல ஸலவாத்து சொல்லணும்ங்கிறது முறை. நான் ஒரு குத்துக்கு ஸலவாத்து, ஒரு குத்துக்கு 'இருடி ருக்கையா'ன்னு சொல்லிச் சொல்லித்தான் தைச்சேன். பொய் சொல்ல மாட்டேன்.

கந்தூரிக்குப் பத்து நாள் இருக்கையில ஜமாஅத் கூடிச்சு. மரைக்காயர் ரொம்ப மெதுவா, எங்க ஊர்ல அப்ப எல்லாரும் அப்படித்தானே பேசுறது, "இந்த வருஷம் போர்வை மாத்தல, செய்னம்பு. மாத்தினா முழிச்சுருவாக. இனிமே மாத்துற எண்ணமே இல்ல"ன்னாக.

"நானூறு வருஷ வழக்கம் மாமா!"

"ஷ்ஷ்… மெதுவாம்மா."

"என் போர்வை?"

"பெட்டியில பத்திரமா இருக்கட்டும்."

பெட்டியில இருக்கட்டுமாம். என்னையும் சேர்த்து மடிச்சு வச்சிருக்கலாம். இனிமே என் உயிர் உள்ள வரைக்கும் நான் தைக்கிற எதுவும் அவுக மேல விழப் போறதில்ல, அந்த 'சுப்ஹானல்லா' எனக்கு இனிமே கிடையாது. கந்தூரி அன்னிக்குப் பழைய போர்வை மேலயே ரோஜாப்பூ தூவி, சத்தம் வராம பாத்திஹா ஓதிக் கலைஞ்சாக. நான் கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுல கிடந்தேன். அவுலியாவை எழுப்பணும்னு எனக்கு அப்படி ஒரு ஆசை வந்துச்சு. தர்கா வாசல்ல பித்தளைக் குடத்தைத் தற்செயலாப் போடுற மாதிரி போட்டுப் பார்ப்போமான்னு கூட யோசிச்சேன். குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு ரெண்டு தடவை போனேன், ரெண்டு தடவையும் அந்தப் பிள்ளைகள் தூங்குற அழகைப் பார்த்துட்டுத் திரும்பிட்டேன்.

ஐப்பசி பொறந்ததும் கடல் கெட்டுப் போச்சு. ருக்கையா மகன் முஸம்மில் மாலத்தீவுக்குச் சரக்கேத்திப் போற 'கைருல் பஹ்ர்' தோணியில வேலைக்குப் போயிருந்தான். போன தோணி போய்ச் சேரலன்னு அங்கேருந்து தகவல் வந்துச்சு. ஒரு நாளாச்சு, ரெண்டு நாளாச்சு. ருக்கையா தர்கா நடையில போய் நின்னா. தோணி பேரைச் சொன்னா, பிள்ளை பேரைச் சொன்னா. போர்வை அதுபாட்டுக்கு எழும்பித் தணிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அஞ்சு நாளாச்சு, எட்டு நாளாச்சு. அவ நடையில விழுந்து அழுதா. அழுதவளை நாலு பேர் சூழ்ந்து, முதுகைத் தடவி, "மெதுவா அழு ருக்கையா, அவுக தூங்குறாக"ன்னு சொன்னாக. நெஞ்சு ஈரமில்லாதவுக இல்ல அவுக, நல்ல ஜனங்கதான். அவகூட உக்காந்து சத்தமில்லாம அவுகளும் அழுதாக.

பதினோராம் நாள் வியாழக்கிழமை, மத்தியான லுஹர் தொழுகை நேரம் நெருங்கையில அவ என் வீட்டுக்குள்ள வந்தா. கால்ல செருப்பில்ல, தலையில முக்காடில்ல.

"லாத்தா, உன் போர்வையைக் குடு."

"எதுக்கு? உன் போர்வைதான் கிடக்கே, ஊரே கொண்டாடுதே."

"அது வேண்டாம். உன்னுதுதான் வேணும். உன்னுது உறுத்தும்."

முஸம்மில் பிறந்தப்போ வாயில முதல் சீனி வச்சது நான். அந்தப் பிள்ளை கடல்ல காணாமப் போய்ப் பதினோரு நாள். அது தெரிஞ்சும் என் மனசுல முதல்ல வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். என் போர்வையைக் கேட்டுட்டா, அவ வாயாலேயே கேட்டுட்டா! அதுக்குப் பின்னாடிதான் அந்த வார்த்தை வந்து தைச்சுச்சு. அழகா இருக்கும்னு கேக்கல, உறுத்தும்னுல்ல கேக்கிறா. எனக்கு எங்கேருந்து அப்படி ஒரு கல்மனசு வந்துச்சோ, "ஊருக்கு முன்னால சொல்லுவியா? செய்னம்பு போர்வைதான் வேணும்னு?"ன்னு கேட்டேன்.

"எத்தனை தரம் வேணும்னாலும் சொல்றேன்"னா.

அவ அப்படிச் சட்டுனு சொன்னது எனக்குப் பிடிக்கல. கொஞ்சமாவது யோசிச்சிருக்கலாம். எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல, பெட்டியைத் திறந்தேன். ஒரு பக்கம் அவ, ஒரு பக்கம் நான், பிணத்தைத் தூக்குற மாதிரி அந்தப் போர்வையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நடந்தோம்.

முற்றத்துல நூறு பேர் இருந்தாக. மரைக்காயர் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு ஓடி வந்து, "ஷ்ஷ்… ஷ்ஷ்…"ன்னாக. ருக்கையா அடிவயித்துலேருந்து கத்தினா: "என் மகன் கடல்ல கிடக்கான்! தூங்கினது போதும்! செய்னம்பு லாத்தா போர்வைதான் வேணும், கேட்டுக்குங்க எல்லாரும், எங்க லாத்தா போர்வைதான் வேணும்!" ஒரு வருஷமா ஊர் ஒரு கூச்சலைக் கேக்கல. வராந்தாவுல கிடந்த பிள்ளைகள் ஒண்ணு விடாம வீரிட்டு அழுதுச்சு, புறாக்கள் எல்லாம் பறந்துச்சு. அவ சொல்லணும்னு நான் ஆசைப்பட்டதெல்லாம் சொன்னா. ஒரு தரம் போதும்னு எனக்குத் தோணிச்சு, ஆனா அவ சொல்லிக்கிட்டே இருந்தா.

மூசா லெப்பை நடையில நின்னாக. "பெண்டுகள் உள்ள வரக் கூடாதும்மா."

"அப்போ நீங்க எடுங்க லெப்பைச்சாச்சா"ன்னேன்.

அவுக உள்ள திரும்பிப் பார்த்தாக. "எனக்கு மனசு வரல. ஏழு பிள்ளை வளர்த்தவன், தூங்குறதை ஒரு நாளும் நான் எழுப்பினதில்ல"ன்னு சொல்லி, நகர்ந்து வழி விட்டுட்டாக.

நாங்க உள்ள போனோம். இருபத்திரண்டு போர்வை தைச்சும் நான் அந்தக் கபுறைக் கிட்டக்கப் பார்த்தது அன்னிக்குத்தான். அது எவ்வளவு சின்னது! ருக்கையா கையை நீட்டினா. கை போர்வைக்கு மேலேயே நின்னு போச்சு. அது எழும்பி அவ விரலைத் தொட்டுத் தணிஞ்சுச்சு. முஸம்மிலைத் தொட்டில்ல போட்டு ஆட்டுறப்போ இருந்த அதே முகம். "லாத்தா, நீயே எடேன். எனக்குக் கை வரல"ன்னா. அவ எதை விடப் போறான்னு அவளுக்கு நல்லாத் தெரியும். ஊரே கண்ணுல ஒத்திக்கிட்ட கை அது, இந்தப் போர்வையை எடுத்தா அந்தப் பேரும் போயிரும்.

அதைப் பிடிச்சு இழுத்து எறியணும்னு ஒரு வருஷமா நினைச்சவ நான். தலைமாட்டு ஓரத்தை உருவினேன், கால்மாட்டை உருவினேன், பக்கத்தை உருவினேன், அவசரமே வரல. எடுத்தப்போ எழும்பின மூச்சு பாதியில நின்னுச்சு. என் கையில அந்தத் துணி, இப்பத்தான் எந்திரிச்சுப் போன ஆளோட படுக்கை மாதிரி வெதுவெதுன்னு இருந்துச்சு. ரெண்டு பேருமாச் சேர்ந்து என் போர்வையை விரிச்சோம். சரிகை அத்தனையும் ஜொலிச்சுச்சு. யாரும் 'சுப்ஹானல்லா' சொல்லல. ருக்கையா தலைமாட்டுல குனிஞ்சு, "தோணி கைருல் பஹ்ர். பிள்ளை முஸம்மில்"னா. போர்வை அசையவே இல்ல. முழிச்சுட்டாகன்னு அதுல தெரிஞ்சுச்சு.

மூணாம் நாள் போன் வந்துச்சு. தோணியில இருந்த ஆறு பேரும் உசுரோட ஒரு தீவுல கரை சேர்ந்திருந்தாக. முஸம்மில் வீட்டுக்கு வந்து என் பக்கத்துல உக்காந்து சொன்னான்: "இஞ்சின் நின்னுச்சு பெரியும்மா. அதுக்கு அப்புறம் எங்க எல்லாருக்கும் ஒரு தூக்கம், அப்படி ஒரு தூக்கம். பசி தெரியல, தாகம் தெரியல, அலை தூக்கிப் போட்டாலும் முழிப்பு வரல. வியாழக்கிழமை உச்சிப்பொழுதுக்கு முதுகுல முள்ளு குத்தின மாதிரி ஆறு பேரும் ஒண்ணா எந்திரிச்சோம். பார்த்தா பாறை, பக்கத்துல. இன்னும் கொஞ்சம் அசந்திருந்தா மோதியிருப்போம். துடுப்பை எடுத்துத் திருப்பிட்டோம்."

"முதுகுல எந்த இடத்துலடா?"ன்னு கேட்டேன். நடு முதுகைத் தொட்டுக் காட்டினான். என் கலிமா வர்ற இடம், முடிச்சு ஜாஸ்தியா உள்ள இடம். ரெண்டாவது தரமும் காட்டச் சொல்லிப் பார்த்துக்கிட்டேன்.

ஊர் இதையும் ஜீரணிச்சுருச்சு. பதினோரு நாள் பசி தெரியாம பிள்ளைகளைப் பாதுகாத்தது ருக்கையா போர்வையாம், எழுப்பி விட்டது செய்னம்பு போர்வையாம். கவனிச்சீங்களா, அவ பேர்தான் முதல்ல. ஜமாஅத் கூடி ஒரு ஏற்பாடு பண்ணிச்சு. வருஷத்துல ஒரு மாசம் எங்க ஊர்த் தோணி, வள்ளம், கட்டுமரம் எதுவும் கடல்ல இறங்காது, எல்லாம் கரையேறிக் கிடக்கும், அந்த மாசம் அவுக ருக்கையா போர்வையில தூங்குவாக. மீதிப் பதினோரு மாசமும் என் போர்வை. இப்போ விரிக்கிறதும் எடுக்கிறதும் நாங்க ரெண்டு பேரும்தான், நடை தாண்டக் கூடாதுன்னு யாரும் வாயைத் திறக்கல. பதினொண்ணுக்கு ஒண்ணு, நான்தானே ஜெயிச்சேன்? ஆனா ஊர் நாள் எண்ணிக் காத்துக் கிடக்கிறது அந்த ஒரு மாசத்துக்கு. தலையணையை எல்லாம் வெயில்ல போட்டு வைக்கிறாக, வெளியூர்லேருந்து மக்களை வரச் சொல்றாக, ஒரு பெருநாள் மாதிரி. என் பதினோரு மாசத்துக்கு யாரும் பாய் கூட உதறல. எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

போன வாரம் புதுப் போர்வைக்குச் சட்டத்துல உக்காந்திருந்தேன். முஸம்மிலுக்கு மறுபடியும் தோணியில வேலை கிடைச்சிருச்சு, அடுத்த மாசம் போறான். ருக்கையா வந்தா. மேல நான் இழைச்சிருந்த மாதுளங்கொடியை அவ ஒரு பார்வை கூடப் பார்க்கல. தரையில உக்காந்து, சட்டத்துக்கு அடியில தலையை விட்டு, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால ஓரம் ஓரமாத் தடவிக்கிட்டே போனா.

"லாத்தா, இந்த இடம் வழவழன்னு இருக்கே. இங்க இன்னும் ரெண்டு முடிச்சு போடேன்"னா.

எனக்குச் சுள்ளுனு வந்துச்சு. முப்பது வருஷமா ஊசி பிடிக்கிறவளுக்கு இவ சொல்லித் தர்றாளாம். "எனக்குத் தெரியும், எந்திரிச்சுப் போடி"ன்னேன். அவ சேலையைத் தட்டிவிட்டு எந்திரிச்சுப் போனா. அவ தெருமுனை திரும்புற வரைக்கும் ஜன்னல்ல பார்த்துக்கிட்டு இருந்துட்டு, நூலைக் கோத்தேன். அவ கேட்டது ரெண்டு முடிச்சு. நான் மூணு போட்டேன்.